ஓட்டம் கேட்டு வந்தவர்களுக்கு ஓர் ஒப்பாரி: '28 இயர்ஸ் லேட்டர்' ரசிகர்களைப் பிரித்த கதை

(படத்தின் முடிவு உட்பட முழுக்கதையும் கீழே வருகிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

12 வயதுப் பையன் ஒருவன் தன் அம்மாவின் மண்டையோட்டை அணைத்துப் பிடித்தபடி மேலே ஏறுகிறான். அவன் ஏறுவதே மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய ஒரு கோபுரத்தில்தான். உச்சிக்குப் போனதும், நல்ல இடமாகப் பார்த்து, விடிகிற திசையை நோக்கி அதை வைக்கிறான்.

நான் பார்த்த காட்சியில், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் நாலு கல்லூரிப் பையன்கள். அவர்களில் ஒருவன் அப்போதுதான் போனை எடுத்து மணி பார்த்தான். படம் முடிந்து படியிறங்கும்போது அவன் தன் நண்பனிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது: "ஜாம்பி படம்னு சொல்லித்தானேடா கூட்டிட்டு வந்தே?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பக்கத்து இருக்கைக் கண்ணீரிலும் நியாயம் இருக்கிறது. ஒரே படம் எப்படி இந்த இரண்டையும் கொண்டுவந்தது என்பது அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

'28 இயர்ஸ் லேட்டர்' 2025 ஜூன் மூன்றாம் வாரத்தில் வெளியானது. இயக்கம் டேனி பாயில், எழுத்து அலெக்ஸ் கார்லண்ட். 2002இல் '28 டேஸ் லேட்டர்' படத்தைக் கொடுத்த அதே கூட்டணி. பாயில் யார் என்று யோசிப்பவர்களுக்கு: ஏ.ஆர். ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் கிடைக்கக் காரணமான 'ஸ்லம்டாக் மில்லியனர்' இவர் இயக்கியதுதான். சுமார் 6 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலக அளவில் 15 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. ஆக, தோல்விப் படம் என்று சொல்ல முடியாது. ஆனால் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 3 கோடி டாலர் வந்த இடத்தில், அடுத்த வார இறுதியில் வசூல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரிந்தது. முதல் வாரம் பார்த்தவர்கள் வெளியே வந்து என்ன சொன்னார்கள் என்பதன் கணக்கும் அதில் இருக்கிறது.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பக்கத்தில் படத்தைப் பாராட்டினார்கள். அதே தளத்தில் பொதுமக்கள் பக்கம் அறுபதுகளின் நடுவில் நின்றது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம், பல பத்தாண்டுகளாக முதல் நாள் இரவே திரையரங்க வாசலில் அட்டை கொடுத்து ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்குகிறது. அதில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது 'பி'. திகில் படங்களுக்கு அங்கே பொதுவாகவே மதிப்பெண் குறைவு என்பதால் 'பி' ஒன்றும் அவமானம் இல்லை. விமர்சகருக்கும் ரசிகருக்கும் இடையே இருந்த அந்தப் பள்ளம்தான் விஷயம்.

பிடிக்கவில்லை என்றவர்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், ஆளுக்கொரு படத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். ஒருவருக்கு முதல் பாதி பிடித்து இரண்டாம் பாதி பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு அப்படியே தலைகீழ். மற்றொருவர் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும் என்கிறார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வேர் இருப்பதாக நான் நினைக்கிறேன். விளம்பரம் மக்களை வேட்டைக்கு அழைத்தது. படம் அவர்களைச் சாவு வீட்டில் உட்கார வைத்தது.

அந்த விளம்பரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் முதல் டிரெய்லர் வந்தது. வசனம் மிகக் குறைவு. பின்னணியில் ஒரே ஒரு கரகரத்த பழைய குரல், ருட்யார்ட் கிப்ளிங்கின் 'பூட்ஸ்' கவிதையைச் சொல்லிக்கொண்டே போகிறது. தென்னாப்பிரிக்கப் போரில் நாள் கணக்கில் நடந்தே போகும் சிப்பாயின் மூளை கலங்குவதைச் சொல்லும் கவிதை அது, 1903இல் அச்சானது. டெய்லர் ஹோம்ஸ் என்ற அமெரிக்க நடிகர் 1915இல் அதை வாசித்துப் பதிவு செய்த ஒலித்தட்டைத்தான் டிரெய்லரில் வைத்தார்கள். பூட்ஸ், பூட்ஸ், பூட்ஸ் என்று சாதாரணமாகத் தொடங்கும் குரல் போகப் போக அலறலாக மாறும். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்க வேண்டிய குரல். நூறாண்டுப் பழைய ஒலித்தட்டு ஒன்று அந்த ஆண்டின் மிகப் பெரிய பயமுறுத்தலாக மாறியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்புறம் அந்த முகம். எலும்பும் தோலுமாக ஒரு நோயாளி புல்வெளியில் மெல்ல எழுந்து நிற்கும் ஒரு நொடி டிரெய்லரில் வருகிறது. '28 டேஸ் லேட்டர்' நாயகன் கிலியன் மர்ஃபிதான் அது என்று ரசிகர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதம்தான் அவர் 'ஓப்பன்ஹெய்மர்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட நடிகர் எலும்புக்கூடாகத் திரும்பி வருகிறார் என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வராது? உண்மையில் அது அவர் இல்லை. ஓவியங்கள் வாங்கி விற்கும் தொழிலில் இருக்கும் வேறொருவர். மர்ஃபி இந்தப் படத்தில் நிர்வாகத் தயாரிப்பாளர் மட்டும்தான், திரையில் வரவே இல்லை. அந்த ஒரு முகத்துக்காக டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு மாதம் வளர்த்த நம்பிக்கையோடுதான் அவர்கள் இருளில் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். மனிதர்களுக்கு வெறி ஏற்றும் வைரஸ் பரவி 28 ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரிட்டனைத் தனியாகப் பூட்டிவிட்டு உலகம் தன் வேலையைப் பார்க்கிறது. நோய் தொற்றாத சிலர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் லிண்டிஸ்ஃபார்ன் என்ற தீவில் பிழைத்திருக்கிறார்கள். இது உண்மையான தீவு. ஹோலி ஐலண்ட் என்றும் சொல்வார்கள். 793இல் வைக்கிங்குகள் வந்து கொள்ளையடித்த மடாலயம் இருந்த இடம். நிலப்பரப்பிலிருந்து அங்கே போக ஒரே ஒரு தாழ்வான சாலை, அதைக் கடல் தினமும் இரண்டு முறை மூடிவிடும். இன்றைக்கும் நேரம் பார்க்காமல் காரில் போய் நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. இப்படி ஓர் இடத்தைக் கதைக்குத் தேர்ந்ததிலேயே பாதி பயம் வந்துவிடுகிறது.

தீவில் ஒரு சடங்கு. பையன் பெரியவனாகிவிட்டான் என்று காட்ட, அப்பா அவனை நிலப்பரப்புக்குக் கூட்டிப்போய் வில்லும் அம்பும் கொடுத்து நோயாளிகளைக் கொல்ல வைக்க வேண்டும். ஸ்பைக்குக்கு வயது 12தான். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று ஊரே நினைக்கிறது, அப்பா ஜேமி கேட்கவில்லை. இருவரும் அந்தச் சாலையில் நடக்கும்போதுதான் கிப்ளிங் கவிதை படத்துக்குள் வருகிறது. நடுநடுவே பழைய போர்க்காட்சிகள், பழைய படங்களில் வில்லாளிகள் வரிசையாக நின்று அம்பு விடும் காட்சிகள். டிரெய்லரில் அந்தக் குரல் வெறும் பயத்தைக் கொடுத்தது. இங்கே அது தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைச் சண்டைக்குக் கூட்டிப்போகும் அப்பாக்களைப் பற்றிப் பேசுகிறது.

திரும்பி வரும் வழியில் ஆல்ஃபா துரத்துகிறான். நோயே உரமாகி மலை போல வளர்ந்தவன். கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, வானம் முழுக்க வெளிச்சம், கணுக்கால் தண்ணீரில் அப்பனும் மகனும் ஓடுகிறார்கள். டிரெய்லரைப் பார்த்து வந்த எல்லோருக்கும் கேட்டது கிடைத்த இடம் இதுதான். நான் பார்த்த அரங்கில் இந்தக் காட்சியில் ஒரு பாப்கார்ன் சத்தம்கூட இல்லை.

அதற்குப் பிறகு படம் திசை திரும்புகிறது. ஊரில் விருந்து நடக்கிறது. அப்பா மகனின் வீரத்தை ஒன்றுக்குப் பத்தாக அளந்துவிடுகிறார். அதே இரவில் அப்பா வேறொரு பெண்ணோடு இருப்பதை ஸ்பைக் பார்த்துவிடுகிறான். வீட்டுக்குள் அம்மா ஐலா என்ன நோய் என்றே தெரியாமல், நினைவு தப்பித் தப்பிக் கிடக்கிறாள். தீவில் மருத்துவர் கிடையாது. நிலப்பரப்பில் கெல்சன் என்றொரு டாக்டர் இருக்கிறார், ஆனால் பைத்தியம் பிடித்தவர் என்கிறார்கள். பையன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவரைத் தேடிப் புறப்படுகிறான். முதல் பயணம் அப்பாவோடு கொல்வதற்கு. இரண்டாவது, அம்மாவோடு காப்பாற்றுவதற்கு. அழகான அமைப்பு. ஆனால் இரண்டாம் பயணத்தில் வேகம் குறைகிறது, பேச்சு கூடுகிறது. முன்வரிசைப் பையன் மணி பார்க்கத் தொடங்கியது இங்கேதான்.

ரால்ஃப் ஃபைன்ஸ் நடித்த கெல்சன் படத்தின் பிற்பாதியில்தான் வருகிறார். உடம்பெல்லாம் அயோடின் பூசிச் செம்மண் நிறத்தில் நிற்கும் மொட்டைத் தலை மனிதர். சுற்றிலும் எலும்புத் தூண்கள், நடுவில் மண்டையோட்டுக் கோபுரம். ஜாம்பி படங்கள் பார்த்துப் பழகிய கண் உடனே சொல்லிவிடும்: இவன்தான் வில்லன், இனிமேல்தான் கொடூரம். ஆனால் இவர்தான் படத்திலேயே மிக மென்மையானவர். செத்தவர் நோயாளியா இல்லையா என்று பார்க்காமல் எல்லோரையும் எரித்து, எலும்பைச் சுத்தம் செய்து, மரியாதையோடு அடுக்கி வைத்திருக்கிறார். 'மெமென்டோ மோரி' என்று அவர் பையனுக்கு ஒரு லத்தீன் தொடர் சொல்லிக் கொடுக்கிறார். சாகப்போகிறாய் என்பதை மறக்காதே என்று பொருள். பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறார், 'மெமென்டோ அமோரிஸ்'. அன்பு செலுத்த வேண்டும் என்பதையும் மறக்காதே.

ஐலாவைத் தொட்டுப் பார்த்து, புற்றுநோய் மூளை வரை பரவிவிட்டது என்று சொல்வதும் அவர்தான். மருந்து தேடி வந்த பையனுக்கு மருந்து இல்லை. வலியில்லாத சாவு மட்டும்தான் இருக்கிறது, அதை அம்மாவே கேட்டு வாங்கிக்கொள்கிறாள். அப்புறம் தீ. அப்புறம் அந்த மண்டையோடு.

இந்த இடத்தைப் பற்றி மேற்கத்திய ரசிகர்கள் பலர் 'விசித்திரம்' என்று சொன்னதைப் படித்தபோது எனக்கு வேறு நினைப்பு வந்தது. எரித்த மறுநாள் காலை சுடுகாட்டுக்குப் போய், பால் தெளித்து, சாம்பலில் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். என் பாட்டிக்கு அதைச் செய்தபோது, இது காலெலும்பு, இது கை என்று வெட்டியான் அமைதியாகச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலை எனக்குப் பயமாக இல்லை. கெல்சன் அந்த மண்டையோட்டைப் பையன் கையில் கொடுக்கும்போது என் கை அந்தக் கலயத்தின் சூட்டை நினைத்துக்கொண்டது. பக்கத்து இருக்கை அம்மாவுக்கும் அப்படி ஏதோ ஒரு காலை இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் சலித்தவர்களுக்குக் கல் மனசா? கிடையாது. ஜாம்பி படம் பார்க்கும் உடம்பு ஒரு தாளத்துக்குப் பழகிப்போயிருக்கிறது. கொஞ்சம் அமைதி, பிறகு பாய்ச்சல், அதைவிடப் பெரிய பாய்ச்சல், கடைசியில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று. 2016இல் வந்த கொரியப் படம் 'டிரெய்ன் டு பூசான்' நம் ஊரிலும் எத்தனையோ பேரை அழவைத்தது. அதுவும் ஓர் அப்பாவும் மகளும் பற்றிய கதைதான். ஆனால் அங்கே ஓடிக்கொண்டே அழவைத்தார்கள். ரயில் நிற்பதற்குள் கண்ணீரும் வந்துவிட்டது. இங்கே பாயில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்கிறார். மூச்சிரைக்க வந்தவன் உடனே உட்கார மாட்டான்.

இந்த வகைப் படங்களுக்கு ஏமாந்த ரசிகர்கள் புதியவர்களும் இல்லை. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968 அக்டோபரில் வெளியானது. அமெரிக்காவில் வயதுவாரித் தணிக்கைச் சான்று முறை வந்ததே அடுத்த மாதம்தான். அதனால் பகல் காட்சிக்குச் சிறுபிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். வழக்கமான பூச்சாண்டிப் படம், கத்திக் கும்மாளம் போடலாம் என்று போனவர்கள். விமர்சகர் ராஜர் ஈபர்ட் அந்த அரங்கில் இருந்து எழுதியிருக்கிறார்: நடுவில் பிள்ளைகளின் கத்தல் நின்றுபோனது, ஒன்பது வயது இருக்கும் ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்தபடி அழுதுகொண்டிருந்தாள். நாயகன் பிழைத்துவிடுவான் என்று நம்பியிருந்த குழந்தைகள் முன்னால், அவனை ஜாம்பி என்று நினைத்து மனிதர்களே சுட்டுக் கொல்வதோடு அந்தப் படம் முடியும். அந்தப் படத்திலிருந்துதான் இன்றைய ஜாம்பி படங்கள் எல்லாமே கிளம்பின.

வார்த்தையே ஹெய்ட்டியில் இருந்து வந்தது. கரும்புத் தோட்டத்தில் அடிமையாக வாடியவர்களின் பயம் அது. செத்தாலாவது விடுதலை என்று பார்த்தால், செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்கிவிடுவானோ என்கிற பயம். கடிப்பதும் பரவுவதும் ரொமேரோவின் படத்தோடு வந்து ஒட்டிக்கொண்டவை. 2002இல் பாயிலும் கார்லண்டும் அதையும் மாற்றினார்கள். அவர்களுடைய நோயாளிகள் செத்து எழுந்தவர்களே இல்லை. வெறி ஏற்றும் வைரஸ் தொற்றிய உயிருள்ள மனிதர்கள், அதனால்தான் ஓடுகிறார்கள். 'ஓடினால் அது ஜாம்பியா?' என்ற சண்டை அப்போதே நடந்தது. இன்றைக்கு அந்தப் படத்தைக் காவியம் என்று கொண்டாடுபவர்களில் சிலர், புதிய படத்தில் நோயாளிகள் மாறியிருப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறார்கள்.

அந்தக் கோபத்தில் ஒரு பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். முதல் படத்தில் நோயாளிகள் சாப்பிடத் தெரியாமல் பட்டினியிலேயே சாவார்கள், அதுதான் அந்தக் கதையின் நம்பிக்கைக் கீற்று. அப்படியானால் 28 ஆண்டு எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? இந்தப் படம் பதிலை வசனமாகச் சொல்லாமல் காட்டிவிட்டுப் போகிறது. ஒரு கூட்டம் மண்ணில் ஊர்ந்து புழு தின்கிறது, இன்னொரு கூட்டம் மான் வேட்டையாடுகிறது. கவனித்தவர்களுக்குப் புரியும், தவறவிட்டவர்களுக்கு ஓட்டையாகத் தெரியும். ஆனால் 2007இல் வந்த '28 வீக்ஸ் லேட்டர்' படத்தின் முடிவில் நோய் பாரிஸ் வரை போயிருந்ததே, அதைத் தொடக்க வாசகம் ஒன்றிலேயே துடைத்துவிட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து விரட்டியாயிற்று என்று ஒரே வரி. அந்தப் படத்தையும் நேசித்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை காட்டியிருக்கலாம்.

இப்போது அந்தக் கடைசி ஐந்து நிமிடம். அம்மாவை இழந்த ஸ்பைக் தீவுக்குத் திரும்பாமல் தனியே அலைகிறான். நோயாளிகள் சூழ்ந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் பளபளக்கும் டிராக் சூட், கழுத்தில் தங்கச் சங்கிலி, நீளமான வெளிர் பொன்நிற முடி என்று ஒரு கும்பல் குதித்து வந்து, சர்க்கஸ் போலப் பல்டியடித்து நோயாளிகளைக் கிழித்தெறிகிறது. தலைவன் பெயர் ஜிம்மி. படத்தின் முதல் காட்சியில் 'டெலிடப்பீஸ்' என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்து தப்பித்த குட்டிப் பையன்தான் அவன். அத்தோடு படம் முடிகிறது. ஒரு மணி நேரம் துக்கம் காத்த மனதுக்கு இது முகத்தில் தண்ணீரடித்தது போல. எங்கள் அரங்கில் சிலர் சிரித்தார்கள், சிலர் 'என்னடா இது' என்று சத்தமாகவே கேட்டார்கள்.

பிரிட்டிஷ் அரங்குகளில் அந்த உடையைப் பார்த்தவர்களுக்கு வயிற்றைப் புரட்டியிருக்கும். அந்த முடியும் டிராக் சூட்டும் ஜிம்மி சாவில் என்ற தொலைக்காட்சிப் பிரபலத்தின் அடையாளம். குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றி வைக்கும் நிகழ்ச்சியைப் பிபிசியில் 1975 முதல் 1994 வரை நடத்தியவர். 1990இல் சர் பட்டம் வாங்கியவர். 2011இல் இறந்தபோது ஊரே மரியாதை செய்தது. மறு ஆண்டே உண்மை வெளியே வந்தது. பல பத்தாண்டுகளாகக் குழந்தைகளையும் மருத்துவமனை நோயாளிகளையும்கூடப் பாலியல் வன்கொடுமை செய்தவர். நூற்றுக்கணக்கானோர் முன்வந்து புகார் சொன்னார்கள். அந்த நாட்டுக்கு அது இன்னும் ஆறாத புண்.

படத்தின் கணக்கில் பிரிட்டன் 2002இல் நின்றுவிட்டது. அங்கே சாவில் அம்பலமாகவே இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு அவர் இன்னும் நல்ல மாமாதான். அப்பா அம்மா எல்லோரையும் இழந்த குழந்தை, கையில் இருந்த அந்தப் பிம்பத்தை வைத்து ஒரு மதத்தையே கட்டிவிட்டான். இது தெரிந்து பார்த்தால் அந்தக் கூத்து சிரிப்பை வரவழைக்காது, நடுக்கத்தைத்தான் வரவழைக்கும். தெரியாதவர்களுக்குப் படம் எந்தச் சாவியும் கொடுக்கவில்லை. நம் அரங்கில் சிரித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதே போல இன்னொன்று சத்தமில்லாமல் வருகிறது. ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி, இரு மேடுகளுக்கு நடுப்பள்ளத்தில் தனியாக நின்ற சிக்கமோர் கேப் மரம் இங்கிலாந்தில் எல்லோருக்கும் தெரிந்த மரம். 2023 செப்டம்பரில் ஓர் இரவில் இருவர் அதை ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்கள், நாடே அழுதது. படத்தில் அந்த மரம் அப்படியே நிற்கிறது. கணினியில் மீண்டும் உருவாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மனிதர்கள் இல்லாமல் போன நாட்டில் அதை வெட்ட ஆள் ஏது? 2002இல் கடிகாரம் நின்றதால் ஒரு மரம் பிழைத்தது, ஒரு கொடியவன் சாமியானான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் கார்லண்ட் என்ன யோசித்திருக்கிறார் என்பது எனக்குப் பிடிபட்டது. ஆனால் அது வீட்டுக்கு வந்து, படித்து, இரண்டாம் முறை பார்த்த பிறகு.

பாயில், கார்லண்ட் ஜோடிக்குக் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வண்டியைத் திருப்புவது வழக்கம். '28 டேஸ் லேட்டர்' கடைசியில் ராணுவ வீரர்களின் மாளிகைக்குள் போனபோதும் ரசிகர்கள் சண்டை போட்டார்கள். இவர்கள் சேர்ந்து செய்த 'சன்ஷைன்' 2007இல் வந்தது. அதன் கடைசிப் பகுதி பற்றிய தகராறு இன்னும் ஓயவில்லை. '28 டேஸ் லேட்டர்' அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்தபோது, நாயகன் இறந்துபோகும் மாற்று முடிவு ஒன்றைப் பெயர்ப் பட்டியலுக்குப் பிறகு சேர்த்தே காட்டினார்கள். அவர்களுக்கே முடிவில் முடிவாக இருக்க முடியவில்லை.

ஒளிப்பதிவைத் திட்டியவர்களும் உண்டு. படத்தின் பெரும்பகுதியை ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் எடுத்திருக்கிறார்கள். 20 போன்களை வளைவாக வரிசையில் பொருத்திய சட்டம் ஒன்றை வைத்து, அம்பு தைக்கும் நொடியில் காட்சி உறைந்து சுழலும்படி செய்தார்கள். ஒவ்வொரு அம்புக்கும் இது வருவதால் வீடியோ கேம் போல இருக்கிறது என்றார்கள் சிலர். எனக்கும் நாலாவது முறை கொஞ்சம் அலுத்தது. ஆனால் ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மேன்டல் 2002இல் முதல் படத்தை எடுத்ததும் வீட்டு உபயோக அளவிலான கேனன் எக்ஸ்எல்1 கேமராவில்தான். அதிகாலையில் போலீஸ் சில நிமிடம் போக்குவரத்தை நிறுத்திக் கொடுக்க, சின்னக் கேமராக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்ததால்தான் ஆளில்லாத லண்டன் கிடைத்தது. அன்றைக்கு எல்லோர் வீட்டிலும் கேம்கார்டர், இன்றைக்கு எல்லோர் கையிலும் போன். அந்தத் தொடர்ச்சி எனக்குப் பிடித்திருந்தது.

ரசிகர்கள் பக்கம் நான் முழுதாக நிற்கும் ஒரே புகார், இது பாதிக் கதை என்பதை வாசலில் சொல்லவில்லை என்பதுதான். மூன்று படங்களாகத் திட்டமிட்ட வரிசையின் முதல் படம் இது. இரண்டாவதைக் கையோடு எடுத்து முடித்துவிட்டார்கள். சினிமாச் செய்தி படிப்பவர்களுக்கு இது தெரியும். தலைப்பில் 'முதல் பாகம்' என்ற சொல் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை நண்பர்களோடு டிக்கெட் எடுத்தவனுக்கு, பல்டியடித்து வரும் கும்பலோடு திரை இருண்டால் என்ன புரியும்? பொங்கலுக்குப் படம் பார்க்கப் போய், 'தொடரும்' என்று எழுத்து வந்ததும் அரங்கமே முனகுவதை நாமும் பார்த்திருக்கிறோம். இங்கே அந்தத் 'தொடரும்' கூட வரவில்லை.

இரண்டாவது படம் 'தி போன் டெம்பிள்' 2026 ஜனவரியில் வந்தது, நியா டகோஸ்டா இயக்கத்தில். ஜிம்மி கும்பலின் மதம் என்ன, எவ்வளவு கொடூரமானது என்பதை அந்தப் படம் முழுக்கக் காட்டுகிறது. கெல்சனின் எலும்புக் கோயிலும் ஜிம்மியும் அதில் நேருக்கு நேர் வருகிறார்கள். முதல் படத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை வெறுத்தவர்களுக்கு அதுதான் பதில், ஏழு மாதம் தாமதமாக.

டிரெய்லரின் புல்வெளியில் ரசிகர்கள் தேடினார்களே கிலியன் மர்ஃபியின் முகம், அதுவும் அந்த இரண்டாவது படத்தின் கடைசி நிமிடங்களில்தான் திரைக்கு வந்தது.